மாதம் குறைந்த பிள்ளைக்கு ஒரு துளி கிருமி

கொடுக்கலாம் என்கிறது ஜெனீவா. பார்த்துக் கொடுங்கள் என்கிறது வாஷிங்டன். மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் இருக்கும் தாய்மாரும் வைத்தியர்களும் எதை எடுத்துக்கொள்வது?

2022 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம், குறைமாதத்திலும் குறைந்த எடையிலும் பிறக்கும் பிள்ளைகளைப் பராமரிப்பது பற்றிய புதிய பரிந்துரைகளை வெளியிட்டது. 32 வாரம் நிறையுமுன் பிறந்து மனிதப் பால் குடிக்கும் பிள்ளைகளுக்கு, நன்மை செய்யும் உயிருள்ள பற்றீரியாவான புரோபயோட்டிக் கொடுப்பது பற்றி யோசிக்கலாம் என்று அதில் ஒரு பரிந்துரை இருந்தது. ஒரு வருடம்கூட ஆகவில்லை. 2023 செப்டெம்பர் கடைசியில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் அந்த நாட்டு வைத்தியர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதியது. ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையுள்ள ஒரு பிள்ளைக்குப் புரோபயோட்டிக் கொடுத்திருந்தார்கள். அதே பற்றீரியா இரத்தத்தில் பரவியது. பிள்ளை இறந்துவிட்டது.

கொடுக்கலாம் என்ற காகிதமும் கவனம் என்ற காகிதமும் ஒன்றையொன்று மறுப்பவைபோலத் தோன்றும். நிதானமாகப் படித்தால் இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன. இந்தத் துளி நல்லதா கெட்டதா என்று பொதுவில் கேட்டால் பதில் கிடையாது. எந்தப் பற்றீரியா, எந்தப் பிள்ளைக்கு, எப்படிப்பட்ட விடுதியில் என்று கேட்டால் பதில் இருக்கிறது. தாய்ப்பாலும் கைச்சுத்தமும் ஏற்கெனவே ஒழுங்காக நடக்கும் இடத்தில் அந்தத் துளி உதவும். அவை இல்லாத இடத்தில் அது இன்னொரு ஆபத்தாகவும் மாறலாம்.

வயிறு வீங்கும் நாள்

28, 30 வாரத்தில் பிறந்த பிள்ளைக்கு முதல் சில நாள் மூச்சோடுதான் மல்லுக்கட்டு. இன்கியூபேட்டர் சூடு, ஒட்சிசன், சேலைன் என்று எல்லாம் தாண்டி இரண்டாம், மூன்றாம் வாரத்துக்கு வந்துசேரும். இனிப் பயமில்லை என்று வீட்டார் நினைக்கத் தொடங்கும் அந்த நேரத்தில்தான், இந்தத் துளி தடுக்கப் பார்க்கும் நோய் தலைகாட்டும். நேற்றுவரை ஏற்ற பாலை இன்று வயிறு ஏற்காது. வாந்தி பச்சையாக வரும். வயிறு உப்பி, தோல் இழுபட்டுப் பளபளக்கும். மலத்தில் இரத்தம் தெரியும். எக்ஸ்றே எடுத்துப் பார்த்தால் குடலின் சுவருக்குள்ளேயே காற்றுக் குமிழ்கள் இருக்கும்.

நெக்ரோடைசிங் என்டெரோகொலைட்டிஸ் என்பது அதன் முழுப்பெயர். குடல் திசு அழிந்துபோகும் நோய். விடுதியில் என்.ஈ.சி. என்று மூன்றெழுத்தில் முடித்துவிடுவார்கள். கண்டவுடன் பாலை நிறுத்தி, அன்டிபயோட்டிக் ஏற்றி, மணிக்கு மணி வயிற்றைப் பார்ப்பார்கள். முற்றினால் குடல் ஓட்டையாகும், சத்திரசிகிச்சை வேண்டிவரும். நோய் உறுதியான பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று பிழைப்பதில்லை. பிழைப்பவற்றில் சில, குடலின் ஒரு பகுதியை இழந்து, சத்தை உறிஞ்ச முடியாமல் மெலிந்து வளரும்.

ஏன் குறைமாதப் பிள்ளையைத் தேடி இது வருகிறது? நிறைமாதத்தில் பிறக்கும் பிள்ளை, பிறக்கும் வழியிலும் தாயின் தோலிலும் பாலிலும் இருந்து பற்றீரியாவைப் பெறுகிறது. சில நாட்களில் அதன் குடலில் ஒரு நல்ல குடியிருப்பு உருவாகிவிடும். மாதம் குறைந்த பிள்ளைக்கு இந்த வழி அடைபட்டுப்போகிறது. பல பிள்ளைகள் சிசேரியனில் பிறக்கின்றன. பிறந்த மணித்தியாலத்திலேயே அன்டிபயோட்டிக் ஏறுகிறது. தாய் ஒரு விடுதியில், பிள்ளை இன்னொரு விடுதியில். காலியாகக் கிடக்கும் குடலில் குடியேறுவது குழாய்களிலும் கைகளிலும் வாழும் வைத்தியசாலைக் கிருமிகள்தான்.

அவை எப்படிப்பட்ட கிருமிகள் என்பதை டெல்லியில் மூன்று பெரிய வைத்தியசாலைகளில் நடந்து 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. தீவிர சிகிச்சைக்கு வந்த 13,530 பச்சிளம் பிள்ளைகளைப் பின்தொடர்ந்த அந்த ஆய்வில், இரத்தத்தில் கிருமி பரவியதற்கு முதல் காரணம் அசினற்றோபக்டர், அடுத்தது கிளெப்சியெல்லா. இரண்டுமே பல மருந்துகளுக்கு மசியாதவை. மருந்தால் கொல்லமுடியாத கிருமி வந்து உட்காருமுன், அந்த இடத்தில் நல்ல பற்றீரியாவை உட்காரவைத்தால் என்ன என்பதுதான் புரோபயோட்டிக்கின் அடிப்படை யோசனை.

பரிசில் இருந்து பொகோட்டாவுக்கு

யோசனை புதிதல்ல. 1900ஐ ஒட்டிய வருடங்களில் பரிசில் பாஸ்டர் நிறுவனத்தில் வேலைசெய்த ஹென்றி திசியே, தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகளின் மலத்தில் கிளைபிரிந்த வடிவிலான ஒரு பற்றீரியா நிறைந்திருப்பதைக் கண்டார். இன்று பிஃபிடோபற்றீரியா என்கிறோம். ஏன் தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையில் அது செழிக்கிறது என்பது பல பத்தாண்டுகள் கழித்துத்தான் விளங்கியது. தாய்ப்பாலில் ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலிகள் இருக்கின்றன. லக்டோசுக்கும் கொழுப்புக்கும் அடுத்தபடியாகப் பாலில் அதிகம் இருக்கும் திண்மப் பொருள் அதுதான். பிள்ளையால் அதைச் செரிக்க முடியாது. செரிப்பது பிஃபிடோபற்றீரியா. பிள்ளைக்குப் பயன்படாத உணவை ஒரு தாயின் உடல் லீற்றருக்குப் பல கிராம் செய்து கொடுக்கிறது என்றால், அது அந்தப் பற்றீரியாவுக்கு இட்ட சோறு.

இதைத் தீவிர சிகிச்சை விடுதிக்குள் பெரிய அளவில் கொண்டுபோனது கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டா. அங்கே ஒரு வைத்தியசாலையில் ஒரு வருடம் விடுதிக்கு வந்த 1,237 பிள்ளைகளுக்கும் இரண்டு வகைப் பற்றீரியா கொடுத்தார்கள். முந்தைய வருடத்தில் 1,282 பிள்ளைகளில் 85 பேருக்கு வந்த என்.ஈ.சி., அந்த வருடம் 34 பேருக்கு மட்டுமே வந்தது. 1999இல் இது வெளியானது. ஒரு வருடத்தை இன்னொரு வருடத்தோடு ஒப்பிட்ட ஆய்வு என்பதால் முழுதாக நம்பமுடியாது என்றார்கள் மற்றவர்கள். ஆனால் உலகத்தின் காது திரும்பிவிட்டது. இன்கியூபேட்டர் போதாத காரணத்தால், பிள்ளையைத் தாயின் மார்போடு கட்டிவைக்கும் கங்காரு முறையை 1970களின் கடைசியில் தொடங்கியதும் இதே நகரம்தான் என்பதை இங்கேயே குறித்துக்கொள்வோம். அந்தக் கதைக்குத் திரும்ப வரவேண்டியிருக்கிறது.

நமக்குப் பக்கத்து வீட்டுக் கணக்கு

எங்களுக்குக் கிட்டிய ஆதாரம் வங்கக் கடலின் அடுத்த கரைகளில் இருக்கிறது.

கொல்கத்தாவில் 32 வாரத்துக்கு முன், 1,500 கிராமுக்குக் குறைவாகப் பிறந்த 186 பிள்ளைகளில் நடந்த ஆய்வு 2009இல் வெளியானது. புரோபயோட்டிக் பெறாதவர்களில் நூற்றுக்கு 15.8 பேருக்கு என்.ஈ.சி. வந்தது. பெற்றவர்களில் 5.5 பேருக்கு. சிறிய ஆய்வுதான், ஆனாலும் வித்தியாசம் பெரிது.

ஒடிசா ஆய்வு வேறு மாதிரி. பினாகி பாணிகிராஹி தலைமையில் ஒடிசாவின் கிராமங்களில் 4,556 பிள்ளைகளில் நடந்து, 2017இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. லக்டோபசிலஸ் பிளான்டாரம் என்ற பற்றீரியாவையும் அதற்கு உணவாக ஒரு சர்க்கரைப் பொருளையும் சேர்த்து, பிறந்த முதல் நாட்களில் ஒரு வாரம் மட்டும் வாய்வழி கொடுத்தார்கள். இரத்தத்தில் கிருமி பரவுதலும் மரணமும் சேர்ந்த கணக்கு நூற்றுக்கு 9இல் இருந்து 5.4ஆக இறங்கியது. பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் திட்டமிட்ட எண்ணிக்கை முடியுமுன்னே ஆய்வை நிறுத்தினார்கள். விலை குறைந்த ஒரு வாரத்து மருந்து, வீட்டில் வைத்தே கொடுக்கக்கூடியது. உலகமே எழுதியது.

இங்கேதான் அவசரப்படக்கூடாது. ஒடிசாவில் சேர்க்கப்பட்டவை 35 வாரம் தாண்டிய, 2 கிலோ அல்லது அதற்கு மேல் எடையுள்ள, தாய்ப்பால் குடிக்கத் தொடங்கிவிட்ட பிள்ளைகள். இன்கியூபேட்டருக்குள் இருக்கும் 900 கிராம் பிள்ளைக்கு அந்தக் கணக்கைப் போடமுடியாது. கொல்கத்தா எண்ணையும் ஒடிசா எண்ணையும் கூட்டி, இந்தியாவில் பலன் கிடைத்தது, நாங்களும் தொடங்குவோம் என்று சொல்வது இரண்டு வேறு நோயாளிகளின் சீட்டை ஒருவருக்கு எழுதுவதாகும்.

ஒரே கேள்வி, இரண்டு விடை

பணக்கார நாடுகளின் பெரிய ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1,099 பிள்ளைகளில் மூன்று பற்றீரியாக்களைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2013இல் வெளியான முடிவு: என்.ஈ.சி. 4.4 வீதத்தில் இருந்து 2 வீதமாகக் குறைந்தது. மரணத்தில் தெளிவான வித்தியாசம் இல்லை. இந்தப் பிள்ளைகளில் நூற்றுக்கு 97 அளவில் தாய்ப்பால் பெற்றவை.

தென்கிழக்கு இங்கிலாந்தில் 24 வைத்தியசாலைகளில் 1,315 பிள்ளைகளுக்கு ஒரே ஒரு பற்றீரியாவை, பிஃபிடோபற்றீரியம் பிறீவேயைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2016இல் வந்தது. பலன் இல்லை. என்.ஈ.சி., கிருமி பரவல், மரணம் மூன்றிலும் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே எண். ஆனால் அந்த ஆய்வில் இன்னொரு விஷயம் வெளிப்பட்டது. வெறும் மாவை மட்டும் பெற்ற பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேரின் மலத்தில், வீட்டுக்குப் போகுமுன் அந்தப் பற்றீரியா இருந்தது. யாரும் கொடுக்கவில்லை. ஒரு கட்டிலில் இருந்து அடுத்த கட்டிலுக்கு அது தானாக நடந்து போகவும் இல்லை. கைகள் கொண்டுபோயின. இங்கிலாந்தின் நல்ல விடுதிகளிலேயே ஒரு பற்றீரியா இப்படிக் கட்டில் தாவினால், கிளெப்சியெல்லாவும் அதே வழியில்தான் தாவும்.

உலகம் முழுதும் நடந்த 60 ஆய்வுகளை, 11,156 பிள்ளைகளை ஒன்றுசேர்த்த கொக்றேன் அமைப்பின் 2023 மீளாய்வு சொல்வது இது: மிகவும் குறைமாதமான 33 பிள்ளைகளுக்குக் கொடுத்தால் ஒரு பிள்ளைக்கு என்.ஈ.சி. வராமல் தடுக்கலாம். ஆனால் பல ஆய்வுகள் சிறியவை, குறையுள்ளவை. 28 வாரத்துக்கு முன் அல்லது ஒரு கிலோவுக்குக் கீழே பிறந்தவர்களில் பலன் கிடைப்பதாகவே தெரியவில்லை. ஆபத்து அதிகம் இருக்கும் பிள்ளைக்குத்தான் ஆதாரம் குறைவு.

துளியோடு வந்த சாவு

2014இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 29 வாரத்தில் பிறந்த ஒரு பிள்ளைக்குப் புரோபயோட்டிக் தூள் கொடுத்தார்கள். தூளில் இருக்கவேண்டிய பற்றீரியா இருந்தது. இருக்கக்கூடாத ஒரு பூஞ்சணமும் கூடவே இருந்தது. அது குடலைத் தின்று பிள்ளையைக் கொன்றது. திறக்காத போத்தல்களிலும் அதே பூஞ்சணம் இருந்ததை ஆய்வுகூடம் காட்டியது. 2023 மரணத்தில் பொருளுக்குள் வேறெதுவும் கலந்திருந்ததாகச் சொல்லப்படவில்லை. கொடுத்த நல்ல பற்றீரியாவே குடல் சுவரைத் தாண்டி இரத்தத்துக்குப் போனது. முதலாவது தொழிற்சாலையின் பிழை. இரண்டாவது, மிகச் சிறிய பிள்ளையின் உடலில் நல்ல கிருமிக்கும் கெட்ட கிருமிக்கும் இடையே வேலி இல்லை என்பதன் விளைவு.

இந்தப் பொருட்கள் பெரும்பாலும் மருந்தாகப் பதிவாவதில்லை. உணவுச் சேர்க்கை என்ற பெயரில் விற்பனைக்கு வருகின்றன. மருந்துக்கு வேண்டிய சோதனை உணவுச் சேர்க்கைக்கு வேண்டியதில்லை. 2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கடையில் கிடைத்த 16 பிஃபிடோபற்றீரியாப் பொருட்களைச் சோதித்தார்கள். வெளியே எழுதியிருந்ததும் உள்ளே இருந்ததும் எல்லா மாதிரியிலும் சரியாகப் பொருந்தியது ஒன்றே ஒன்றில்தான்.

மருந்தின் தரம் என்றால் என்ன என்று இலங்கையருக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாட்டைப் பார்த்தோம். 2023இல் போலி இம்யூனோகுளோபுலின் ஊசிமருந்து அரச வைத்தியசாலைகளுக்குள் நுழைந்த விவகாரம் நீதிமன்றம்வரை போனது. கொழும்பில் இறங்கி, 300 கிலோமீற்றருக்கு மேல் வெக்கையில் பயணம்செய்து வாவிக் கரைக்கு வரும் ஒரு பைக்கற்றுக்குள் பற்றீரியா உயிரோடு இருக்கிறதா, எழுதியிருக்கும் பற்றீரியாதானா, வேறெதுவும் ஏறியிருக்கிறதா என்று கேட்பது குற்றம் பிடிப்பதல்ல, பட்டறிவு.

சட்டித் தயிர் கொடுத்தால் என்ன?

மட்டக்களப்பில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. எருமைப் பாலைக் காய்ச்சி, இளஞ்சூட்டில் மண்சட்டியில் ஊற்றி, முந்தைய நாள் தயிரில் ஒரு கரண்டி உறையிட்டு மூடிவைத்தால் அடுத்த நாள் காலையில் சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர். பற்றீரியாவை வளர்ப்பது இந்த மண்ணுக்குக் கைவந்த கலை. அவுஸ்திரேலிய ஆய்வில் கொடுத்த மூன்று பற்றீரியாக்களில் ஒன்று, தயிரை உறையவைக்கும் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் தேர்மோபிலஸ் என்பதும் உண்மை.

ஆனாலும் பதில்: கூடவே கூடாது. தயிரின் உறை ஒரு கூட்டுக் குடும்பம். எந்தப் பற்றீரியா எத்தனை, கூட எந்த ஈஸ்ட், எந்தப் பூஞ்சணம் என்று சட்டிக்குச் சட்டி மாறும். பெரியவர் வயிற்று அமிலம் அவற்றில் பலவற்றைக் கொன்றுவிடும். குறைமாதப் பிள்ளையின் வயிற்றில் அந்த அமிலமும் குறைவு. எருமைப் பாலின் புரதமும் கொழுப்பும் அந்தக் குடலால் தாங்கமுடியாதவை. தவிர, தயிரின் பற்றீரியா பிள்ளையின் குடலில் தங்கி வாழ்வதில்லை. தாய்ப்பாலின் சர்க்கரைச் சங்கிலிகளைத் தின்று பிழைக்கத் தெரிந்தது வேறு இனம். தயிர் தாய்க்கு, பிள்ளைக்குத் தாயின் பால்.

வாவியின் இரு கரை

மட்டக்களப்பு மாவட்டத்தை வாவி நீளவாக்கில் பிரிக்கிறது. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. நகரமும் போதனா வைத்தியசாலையும் எழுவான்கரைப் பக்கம். வயலும் மாடும் படுவான்கரையில். 2007வரை விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த படுவான்கரையில் இருந்து நகர வைத்தியசாலைக்கு வருவது வாவியையும் சோதனைச் சாவடியையும் தாண்டும் வேலையாக இருந்தது. மண்முனையில் 2014இல் பாலம் வரும்வரை, பாதை என்று சொல்லப்படும் மிதவையில் ஏறித்தான் மக்கள் அக்கரைப்பட்டார்கள். இப்போது பாலம் இருக்கிறது. ஆனால் பிரசவமாகி வீட்டுக்கு அனுப்பப்பட்ட தாய், விடுதியில் இருக்கும் பிள்ளைக்குப் பால் கொடுக்கத் தினமும் வந்துபோவது இன்றும் இலேசல்ல. வீட்டில் இன்னொரு பிள்ளை, பஸ் நேரம், முச்சக்கரவண்டிக் கூலி, வெட்டின காயம்.

பி.பி.யு. என்று சொல்லப்படும் குறைமாதக் குழந்தைகள் பிரிவு ஒன்றில் பால் எப்படிக் கொடுக்கப்படுகிறது என்று பார்த்தால் இந்தத் தூரத்தின் அர்த்தம் புரியும். ஒரு கிலோ எடைப் பிள்ளைக்கு முதல் நாட்களில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு மில்லிலீற்றர் அளவுதான் தொடக்கம். தாய் சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, சின்னக் கோப்பையில் கையால் பால் எடுப்பார். முதலில் வருவது மஞ்சள் நிறச் சீம்பால், சொட்டுச் சொட்டாக. தாதி அதைச் சிறிஞ்சில் உறிஞ்சி, பிள்ளையின் வாய்வழியே வயிற்றுக்குப் போகும் மெல்லிய குழாயில் பொருத்துவார். சிறிஞ்சின் தண்டைக் கழற்றிவிட்டு அதைச் சற்று உயர்த்திப் பிடிப்பார். அழுத்தக்கூடாது, பால் தன் பாரத்தில் இறங்கவேண்டும். “இவ்வளவுதானே மிஸ், இது காணுமா?” என்று கேட்காத தாய் இல்லை. காணும். அந்த ஒரு மில்லிலீற்றரில் நோயெதிர்ப்புப் பொருளும், பற்றீரியாவுக்கான உணவும், தாயின் சொந்தப் பற்றீரியாவும் சேர்ந்தே போகின்றன.

பால் தொடர்ந்து சுரக்கவேண்டுமானால் இரவும் சேர்த்து நாளுக்கு எட்டுத் தடவையாவது எடுக்கவேண்டும். பிள்ளையைப் பார்க்கிற தாய்க்கு, மார்போடு அணைத்துவைத்திருக்கும் தாய்க்குப் பால் வருகிறது. வாவிக்கு அந்தப் பக்கம் அழுதுகொண்டிருக்கும் தாய்க்கு வற்றுகிறது. வற்றியபின் மிஞ்சுவது பால்மா. 1990இல் வெளியான பிரித்தானிய ஆய்வு ஒன்று 926 குறைமாதப் பிள்ளைகளைப் பார்த்தது. தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிடப் பால்மா மட்டும் குடித்தவர்களுக்கு என்.ஈ.சி. ஆறு முதல் பத்து மடங்கு அதிகம். மேலே சொன்ன எந்தப் புரோபயோட்டிக் ஆய்வும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் காட்டவில்லை.

கங்காரு முறையும் அப்படித்தான். இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய நாடுகளில் 3,211 பிள்ளைகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வு, பிள்ளையின் நிலை சீராகும்வரை காத்திராமல் பிறந்தவுடனேயே தாயின் மார்போடு வைத்தால் முதல் 28 நாள் மரணம் நான்கில் ஒரு பங்கு குறைவதைக் காட்டியது. இதற்காகத் தாயின் கட்டிலையே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுபோனார்கள். தாயின் தோலில் இருக்கும் பற்றீரியா பிள்ளைக்குப் போவதற்கு இதைவிடக் குறுக்குவழி கிடையாது. 2022இல் புரோபயோட்டிக்கை நிபந்தனையோடு சொன்ன உலக சுகாதார நிறுவனம், கங்காரு முறையை நிபந்தனை இல்லாமல் சொன்னது.

இலங்கைக்கு இதில் நல்ல அத்திவாரம் இருக்கிறது. ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 82 வீதம் தாய்ப்பால் மட்டுமே குடிக்கின்றன என்று 2016 குடிசன, சுகாதார அளவீடு சொன்னது. குடும்பநல மாது வீடுவீடாக வந்து பார்க்கும் நாடு இது. பிறந்த 28 நாட்களுக்குள் நேரும் மரணம் தெற்காசியாவிலேயே குறைந்த நாடுகளில் ஒன்று.

தாய்க்குப் பால் இல்லாவிட்டால்

அப்போது இன்னொரு தாயின் பால். மும்பை சயன் வைத்தியசாலையில் 1989இல் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி தொடங்கியது. தமிழ்நாட்டின் அரச வைத்தியசாலைகள் பலவற்றிலும் இன்று இருக்கிறது. தானமாக வரும் பாலை 62.5 பாகை செல்சியசில் அரைமணி நேரம் சூடாக்குவார்கள். கிருமி சாகும், நல்ல பற்றீரியாவும் சாகும். அப்படியிருந்தும் பால்மாவைவிட அது குடலுக்கு நல்லது.

வாவிக் கரையில் இதைப் பேசும்போது முஸ்லிம் ஊர்களான காத்தான்குடியையும் ஏறாவூரையும் ஓட்டமாவடியையும் மறந்து பேசமுடியாது. இஸ்லாத்தில் ஒரே தாயிடம் பால் குடித்த பிள்ளைகள் பால்குடிச் சகோதரர்கள்; அவர்களுக்குள் திருமணம் ஆகாது. பலரின் பாலைக் கலந்து பெயர் தெரியாமல் கொடுக்கும் வங்கியில் யாருக்கு யார் சகோதரர் என்று எப்படித் தெரியும்? இந்தக் கேள்வியால் 2019இல் டாக்காவில் தொடங்கவிருந்த வங்கி நின்றது. 2024இல் கராச்சியில் தொடங்கிய வங்கியும் நிறுத்தப்பட்டது. ஈரானில் வங்கிகள் இயங்குகின்றன. மலேசியாவில் கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் அறிந்து, பதிவுசெய்து கொடுக்கும் வழக்கம் உண்டு. கலக்காத பால், இரு குடும்பமும் அறிந்த பதிவேடு, உலமாக்களோடு முன்கூட்டியே ஒரு பேச்சு என்று வழி இருக்கிறது. பிள்ளை இன்கியூபேட்டரில் கிடக்கும் இரவில் தொடங்கும் பேச்சாக அது இருக்கக்கூடாது.

பெற்றோர் கேட்பவை

*கடையில் விற்கும் புரோபயோட்டிக்கை வாங்கிக் கொண்டுவரலாமா?*
வேண்டாம். பெரிய பிள்ளையின் வயிற்றோட்டத்துக்கு விற்பது குறைமாதப் பிள்ளைக்கு ஆனதல்ல. விடுதி வைத்தியர் சொல்லாத எதையும் பிள்ளையின் வாயில் வைக்கவேண்டாம்.

*சேனை வைக்கலாமா?*
தேன், சீனித்தண்ணீர், பேரீச்சம்பழம் எதுவும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய கிருமி பச்சைப் பிள்ளையின் தசைகளை முடக்கிவிடும். வாயில் தடவ ஏதாவது வேண்டுமானால் தாயின் சீம்பாலைத் தடவலாமா என்று தாதியிடம் கேளுங்கள்.

*கொடுக்கப்போகிறோம் என்று விடுதியில் சொன்னால் என்ன கேட்பது?*
என்ன பெயர், எதற்காக, என் பிள்ளையின் எடைக்கு ஏற்றதா, ஆபத்து என்ன. தமிழில் விளக்கம் கேட்பது உங்கள் உரிமை.

*எப்போது பயப்படவேண்டும்?*
வயிறு உப்பினால், பச்சை வாந்தி வந்தால், மலத்தில் இரத்தம் கண்டால், பிள்ளை சோர்ந்தால் அந்த நிமிடமே தாதியைக் கூப்பிடுங்கள்.

கொடுப்பதற்கு முன்

ஆக, வாவிக் கரையில் ஒரு விடுதி இந்தத் துளியைக் கொடுக்கலாமா? கொடுக்கலாம், சில வேலைகள் முடிந்தபின்.

முதல் வேலை எண்ணுவது. 1,500 கிராமுக்குக் குறைந்த பிள்ளைகளில் வருடத்துக்கு எத்தனை பேருக்கு என்.ஈ.சி. வருகிறது என்ற கணக்கு ஒவ்வொரு விடுதியின் மேசையிலும் இருக்கவேண்டும். கொல்கத்தாபோல நூற்றுக்குப் பதினைந்து என்றால் துளி பெரிய உதவி. அவுஸ்திரேலியாபோல நான்கு என்றால் உதவி சிறிது, ஆபத்து அப்படியே இருக்கும்.

இரண்டாவது தாய்க்கு ஒரு கட்டில், பிள்ளைக்குப் பக்கத்தில். மூன்றாவது கைகள். ஒவ்வொரு பிள்ளையைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் கழுவும் பழக்கமும், அதைப் பார்த்துக் குறிக்க ஓர் ஆளும். நான்காவது, தாயின் பால் இல்லாத பிள்ளைக்கு யாருடைய பால், எந்தப் பதிவோடு என்று ஊரோடு பேசி எடுத்த முடிவு.

இந்த நான்கும் நடந்தபின் பொருளைத் தேடலாம். பற்றீரியாவின் இனப்பெயர் மட்டும் போதாது. எந்த ஆய்வில் எந்த வகை பயன்பட்டதோ அதே வகை எண் வேண்டும். ஒவ்வொரு தொகுதிக்கும் தூய்மைச் சான்று, தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் கண்பார்வை, குளிர் அறாத போக்குவரத்து என்பவை அடுத்து. பைக்கற்றைத் திறக்கும் மேசை, ஊசிமருந்து கலக்கும் மேசையாக இருக்கக்கூடாது. பிஃபிடோபற்றீரியா ஒட்சிசன் இல்லாத இடத்தில் வளர்வது. வழக்கமான இரத்தப் பரிசோதனைப் போத்தலில் பிடிபடாமல் போகலாம். அதை வளர்த்துக் கண்டுபிடிக்கக்கூடிய ஆய்வுகூடம் இல்லாமல் துளியைத் தொடங்குவது, காவல் போடாமல் கதவைத் திறப்பதுதான். ஒரு கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்கு இப்போதைக்கு வேண்டாம் என்று நிறுத்திவைப்பதே நியாயம்.

வெளிநாட்டில் இருந்து வரவேண்டியது இந்தப் பட்டியலில் கடைசிப் பொருள் மட்டும்தான். அதற்கு முன் நிற்கும் நான்கு வேலைகளுக்கும் டொலர் தேவையில்லை.